வெள்ளிக்கிழமை எண்ணெய்

காட்டுப்பாக்கத்தில் நாலாம் மாடியில் குடியிருக்கும் ஜெயப்பிரியாவுக்கு வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலிருந்தே வேலை. லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்னால் தலைக்குக் குளித்து, குத்துவிளக்கைத் துலக்கி, நிலைப்படிக்கு மஞ்சள் பூசி, கடைசியாகக் கூடத்து மூலையில் சாய்ந்து நிற்கும் சைக்கிளிடம் வருவாள். அது அவள் புருஷன் தினகரனுடையது. விரற்கடை டயரும் கடாக்கொம்பாய் வளைந்த கைப்பிடியும்தான். கேரியர் உண்டா, ஸ்டாண்டு உண்டா, ஒரு மணியாவது உண்டா? அதற்குப் பேர் ரோடு பைக்காம். அதன்மேல் அவனுக்கு இருக்கும் பிரியத்தைப் பார்த்தால் எந்தப் பெண்டாட்டிக்கும் வயிறு எரியும். ஜெயப்பிரியாவுக்கு எரியவில்லை. வாரமெல்லாம் ஆபீசிலிருந்து சுருங்கின முகத்தோடு வருகிற மனுஷன், ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை ஓட்டிவிட்டு வரும்போது மட்டும் கல்யாணத்தன்று பார்த்த ஆளாக வருவான். அந்த முகத்துக்காக அந்தச் சைக்கிளுக்கு அவள் என்ன வேண்டுமானாலும் செய்வாள்.

செய்தாள், அதுதான் வினை.

போன ஆயுத பூஜையில் ஆரம்பித்தது இது. தெருமுனையில் பூசணிக்காய் விற்கிற முனியம்மாவிடம், சைக்கிள் கைப்பிடிக்குப் பொட்டு வைத்துவிட்டேன் என்று ஜெயப்பிரியா பெருமையாகச் சொல்ல, அவள் சிரித்துவிட்டாள்.

"ரோட்ல ஓடுறது கைப்பிடியா கண்ணு? சக்கரம்தான. அதும்மேலதான் கண்ணு படும். அதுக்கு வையி."

சரிதானே என்று பட்டது. சக்கரத்தின் வெள்ளி வளையத்தில், அதுதான் ரிம்மில், சுற்றிலும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். சந்தனம் காய்ந்து வெள்ளை வெள்ளையாகத் திட்டுப்பட்டது. விளக்குத் துணியில், தன் தலைக்குத் தேய்க்கிற தேங்காயெண்ணெயைத் தொட்டுத் துடைத்தாள். அடடா, என்ன பளபளப்பு! அன்றிலிருந்து வெள்ளி தவறாமல் சக்கரத்துக்கு எண்ணெய் உண்டு. மெதுவாகச் சுற்றவிட்டு, துணியை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, அவன் முழுசாக வீடு வந்து சேர வேண்டும் என்று மாங்காட்டு அம்மனிடம் சொல்லிக்கொண்டே தடவுவாள். சாயங்காலம் வருகிறவன் கண்ணில் பளபளப்பு மட்டும்தான் படும். தான் வாராவாரம் துடைத்து வைக்கிற சீர் அது என்று அவன் நினைத்துக்கொண்டான். ஆம்பளைகளுக்கு இந்த நினைப்பு சுலபத்தில் வந்துவிடும்.

ஞாயிறு இருட்டோடு அவன் கிளம்புவான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது பின்சக்கரம் போடும் டிக் டிக் சத்தம் அவள் தூக்கத்துக்குள் நுழைந்து கனவாகிவிடும். எப்போதும் ஒரே கனவுதான். ஒரு பெரிய சரிவு, பனி. அதன் அடியில் அவள் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். மேலேயிருந்து அவன் சிரித்துக்கொண்டே வருகிறான். அவளிடம் வந்ததும் நிற்க வேண்டும், ஆனால் நிற்பதில்லை. விரல்நுனியில் காற்று மட்டும் பட, அவளைத் தாண்டிப் போய்விடுவான். குத்தம்பாக்கத்து ஸ்டாண்டில் வரிசையாகத் தூங்கும் பஸ்களுக்கு நடுவே புகுந்து, செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர்மேல் சக்கரம் நனையாமல், சின்னதாகி, இன்னும் சின்னதாகி மறைந்துபோவான். கனவுக்குள் பயமே இருக்காது. விழித்த பிறகுதான் கை பக்கத்துத் தலையணையைத் தேடும்.

பிரேக் சரியில்லை என்று அவன் முதலில் சொன்னது ஒரு ராச்சாப்பாட்டின்போது. இரண்டு பக்கமும் இரண்டு ரப்பர் கட்டைகள் ரிம்மைக் கவ்விப் பிடிக்க வேண்டும், பிடித்தால்தான் வண்டி நிற்கும் என்று அவன் தட்டையும் தம்ளரையும் வைத்து விளக்கினான். அவள் ரசத்தைத் தாளித்துக்கொண்டே தலையாட்டினாள். "எவ்ளோ இறுக்கிப் பிடிச்சாலும் வழுக்குது ப்ரியா" என்றது மட்டும் காதில் தங்கியது. அடுத்த வெள்ளி அவள் இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டாள்.

அவன் கட்டைகளை மாற்றினான். ஒயரை மாற்றினான். சலிக்காமல் வீடியோ வீடியோவாகப் பார்த்து, கட்டை ரிம்மில் படுகிற கோணத்தைத் திருத்தினான். உப்புத்தாளால் கட்டையின் முகத்தைச் சுரண்டினான். ஓட்டி ஓட்டி எண்ணெய் தேய்ந்து, வீடு திரும்பும்போது கொஞ்சம் தேவலை என்பான். அடுத்த ஞாயிறு பார்த்தால் மறுபடி அதே வழுக்கல். எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தவன் ரிம்மை மட்டும் சந்தேகப்படவில்லை. கண்ணாடியாய் மின்னுகிற ஒன்றை யார் சந்தேகப்படுவார்கள்?

அப்புறம் ஏரிக்கரையில் ஒரு மாடு குறுக்கே வந்தது. காலைத் தரையில் ஊன்றித்தான் நிறுத்தினானாம். ஷூவின் அடிப்பாகம் பிய்ந்து வாயைப் பிளந்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அழுதாள், வண்டியை விற்றுவிடச் சொன்னாள். "அந்த நேரத்துல உன் ஞாபகம்தான் வந்துச்சு" என்றான். சினிமா வசனம் பேச வேண்டாம் என்று அவள் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள்.

கடைசியில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். குத்தம்பாக்கம் போகிற வழியில் கட்டி முடித்தும் திறக்காமல் கிடக்கிற மேம்பாலம் ஒன்று உண்டு. வண்டி போகாததால் சைக்கிள்காரர்களுக்கு அதுதான் மலை. வரும் ஞாயிறு அதன் உச்சியிலிருந்து இறங்கிப் பார்ப்பது, சைக்கிள் நிற்காவிட்டால் அன்றைக்கே விற்றுவிடுவது. சொல்லும்போது அவன் குரல் உள்ளே போய்விட்டது. பாலம் இறங்குகிற இடத்தில் வண்டிகள் நுழையாதபடி கான்கிரீட் கட்டைகளை அடுக்கி வைத்திருப்பதை அவன் சொல்லவில்லை. அந்தப் பக்கம் ஸ்கூட்டரில் போயிருக்கும் அவளுக்கு அது தெரியும்.

அந்த ஞாயிறு விடிகாலையில் அவன் குளிக்கப் போன நேரத்தில், விளக்கேற்றின கையோடு அவள் சக்கரத்திடம் வந்து உட்கார்ந்தாள். இருட்டிலேயே, முன்சக்கரம் பின்சக்கரம் இரண்டுக்கும், மனசாரத் தடவினாள்.

டிக் டிக் சத்தம் லிஃப்டுக்குள் போனதும் அவன் போவதைப் பார்க்கப் பால்கனிக் கதவுக்கு ஓடினாள். உருண்டைக் கைப்பிடி. திருகினாள், திரும்பவில்லை. இறுக்கினாள், வழுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இறுக்கினாள், இன்னும் வழுக்கியது. எவ்ளோ இறுக்கிப் பிடிச்சாலும். அவள் தன் எண்ணெய்க் கையைப் பார்த்தாள். தட்டும் தம்ளரும் இப்போதுதான் அவளுக்கு விளங்கின.

போன் போட்டாள். அவனுடைய போன் கூடத்திலேயே சார்ஜில் அலறியது.

ஸ்கூட்டரை எப்படி எடுத்தாள், பூந்தமல்லியை எப்படித் தாண்டினாள் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. பனி இறங்கிக் கிடந்தது. மெட்ரோ தூண்கள் ஒவ்வொன்றாக முளைத்து வந்து கரைந்தன. விளக்கெரியும் டீக்கடைகள் தண்ணீரில் மிதப்பதுபோல் போயின. கனவில் அவன் போகிற வழி இதுதான், இன்றைக்கு நான் போகிறேன் என்று தோன்றியது. இது நிஜமாக இருந்துவிடக் கூடாதே என்று வாய்விட்டுச் சொன்னாள்.

பாலத்தடியில் தள்ளுவண்டியில் டீ விற்கும் கன்னியம்மாளைத்தான் முதலில் கண்டாள். சைக்கிள்காரரைப் பார்த்தீர்களா என்றாள்.

"இப்பத்தாம்மா மேல ஏறிச்சு அந்தத் தம்பி. டீ கூட குடிக்கல, வந்து குடிக்கிறேன்னுச்சு."

அண்ணாந்து பார்த்தாள். உச்சியில் பனிக்குள் சைக்கிளைத் திருப்பி, ஒரு காலைப் பெடலில் வைத்து அவன் நின்றிருந்தான். அவள் ஹாரனை அழுத்தினாள், அழுத்தியபடியே இருந்தாள். ஒரு கையால் வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினாள். அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு காலை எடுத்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து இறங்கினான். அவன் பக்கத்தில் வரும்வரை அவள் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அது நான்தாங்க. வெள்ளிக்கிழமை தவறாம ரிம்முல தேங்காயெண்ணெ தடவுனேன். உங்களுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான். இன்னைக்குக் காலைலகூட."

அவன் ரிம்மை விரலால் தொட்டான். விரலை மூக்குக்குக் கொண்டுபோனான். நெடுநேரம் அப்படியே வைத்திருந்தான். கோபம்தான் என்று அவள் நினைத்தாள். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. அவன் கன்னியம்மாளிடம் பாத்திரம் கழுவுகிற சோப்பும் ஒரு வாளித் தண்ணீரும் கேட்டான்.

இரண்டு பேரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஆளுக்கொரு சக்கரத்தைத் தேய்த்தார்கள். சோப்பு நுரையில் எண்ணெய் கருப்பாக இறங்கியது. தண்ணீர் விட்டு அலசி, அவனுடைய துண்டால் ஈரம் போகத் துடைத்தார்கள். அவன் பிரேக் கட்டைகளைக் கழற்றி, எண்ணெய் ஊறிய முகத்தைப் பாலத்துச் சுவரிலேயே உரசிப் புதுசாக்கி மாட்டினான்.

"இன்னாம்மா, புருஷனும் பொண்டாட்டியும் விடிஞ்சதும் விடியாததுமா சைக்கிளுக்குப் பாத்திரம் தேய்ச்சுகினு கீறீங்க?" என்றாள் கன்னியம்மாள். ஜெயப்பிரியா வெட்கத்தோடு வாளித் தண்ணீரை ஓரமாகக் கொட்டினாள்.

அவன் பாதிச் சரிவு வரை ஏறி இரண்டு தடவை நிறுத்திப் பார்த்தான். அப்புறம் உச்சிக்குப் போனான். அவள் எழுந்து போய் கான்கிரீட் கட்டைகளுக்கு முன்னால் நின்றுகொண்டாள். இடிச்சிடப் போவுது, தள்ளி நில்லு என்று கன்னியம்மாள் கத்தினாள். அவள் நகரவில்லை. நிற்காவிட்டால் அது தன்மேல் இடிக்கட்டும் என்று நினைத்தாள். தடவின கை அவளுடையது.

மேலேயிருந்து அவன் வந்தான். பனி விலகி விலகி வழிவிட்டது. இது கனவில் வருகிற சரிவேதான். அவள் கையை நீட்டினாள். ஸ்ஸர்ர்ரென்று வறண்ட சத்தம் ஒன்று எழுந்தது. கனவில் அந்தச் சத்தம் கிடையாது. முன்சக்கரம் அவள் கால்விரலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அவளுடைய கை அவன் மார்பில் பட்டது. உள்ளே இதயம் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. முகத்தில் கல்யாணத்தன்று பார்த்த ஆள்.

"நின்னுடுச்சு" என்றான். சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினான், எதையோ தேடுகிறவன் மாதிரி. "ஆனா ஒண்ணு போச்சு ப்ரியா. எப்பப் பிரேக் பிடிச்சாலும், ரிம்மு சூடாகி, உன் தலைமுடி வாசனை வரும். மாடு குறுக்க வந்தப்பகூட. பிரமைன்னு நெனச்சு யார்கிட்டயும் சொல்லல."

இத்தனை நாளும் ஊரெல்லாம் அவன்கூடவே போய்க்கொண்டிருந்திருக்கிறாள், அவனைக் கொல்லவும் பார்த்துக்கொண்டு. ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்தாள். பின்னலை எடுத்து முன்னால் போட்டாள்.

"அது எங்கயும் போகல. இங்கதான் இருக்கு."

ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அவன் குனிந்தான். கன்னியம்மாள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு டீ போட ஆரம்பித்தாள்.