செவலை குடித்த கஞ்சி

குக்கர் சோற்றைப் பார்த்தாலே காளியாத்தாளுக்கு உடம்பெல்லாம் எரியும். அது சோறா? போஸ்டர் ஒட்டுகிற பசை. மருமகள் சுகன்யா சீரோடு கொண்டுவந்த கரண்டு குக்கரை அவள் ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'அந்தச் சனியன்' என்பாள். சில நாள் மருமகளுக்கும் அதே பெயர்தான்.

சோறு என்றால் பானையில் கொதித்து, வடித்து, பொலபொலவென்று விழ வேண்டும். வடித்த கஞ்சி கழனித்தொட்டிக்குப் போக வேண்டும். ஏனென்றால் மாட்டுக் கட்டுத்தரையில் செவலை நிற்கிறாள். சேந்தமங்கலத்தில் காளியாத்தாளின் பிறந்த வீட்டிலிருந்து வந்த மாட்டின் வம்சம். வெள்ளிக்கிழமை தவறாமல் அதன் நெற்றிக்கு மஞ்சளும் குங்குமமும் உண்டு. வீட்டுக்குப் பின்னால் மகன் தீனதயாளனின் முட்டைக்கோழிப் பண்ணை இருக்கிறது. கோழித் தீவனத்தில் கருவாட்டுத்தூள் கலப்பார்கள் என்பதால், அதை அள்ளிய முறம்கூடக் கட்டுத்தரைப் பக்கம் வரக்கூடாது. வந்தால் வேலைக்காரனுக்கு அன்றைக்குச் செமத்தியாகக் கிடைக்கும். அப்படிப்பட்ட செவலைக்குக் கஞ்சி தராத பாத்திரம் ஒரு பாத்திரமா?

சுகன்யாவுக்குத் திருச்செங்கோட்டில் ஒரு காலேஜில் பாடம் நடத்தும் வேலை கிடைத்திருந்தது. பானை வைத்து, வடித்து, கஞ்சி ஆற்றி மாட்டுக்குக் காட்டிவிட்டுக் கிளம்பினால் பஸ் போய்விடும். குக்கர் என்றால் போட்டுவிட்டுப் போகலாம். இதை வைத்து இரண்டு பேரும் ஒரு மாதமாக முட்டிக்கொண்டார்கள். தட்டு விழுகிற சத்தத்தை வைத்தே யாருக்குக் கோபம் என்று தீனதயாளன் கண்டுபிடிக்கப் பழகிவிட்டான். கடைசியில் சலித்துப்போய் ஒரு தீர்ப்புச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை அக்கா அறிவுச்செல்வியும் மாப்பிள்ளையும் பரமத்தி வேலூரிலிருந்து விருந்துக்கு வருகிறார்கள். குக்கரில் சோறாக்கி மாப்பிள்ளைக்குப் போடட்டும். அவர் முகம் சுளிக்காமல் சாப்பிட்டால் திங்கட்கிழமை சுகன்யா வேலைக்குப் போகலாம். சுளித்தால் குக்கர் பரண்மேல் ஏறும், வேலைப் பேச்சும் அதோடு போகும்.

காளியாத்தாள் உடனே சம்மதித்தாள். மாப்பிள்ளை சோற்றில் குற்றம் கண்டுபிடிப்பதற்கென்றே பிறந்தவர்.

ஞாயிற்றுக்கிழமை அவள் செவலைக்குச் சோளத்தட்டு அறுத்துக்கொண்டு தோட்டத்திலிருந்து திரும்பியபோது குக்கர் கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பில் நாட்டுக்கோழிக் குழம்பு. வீடெல்லாம் அந்த வாசம்தான். வாசலில் கார் வந்து நின்றது, சுகன்யா முந்தானையில் கை துடைத்துக்கொண்டு ஓடினாள். சமையல்கட்டில் யாரும் இல்லை.

காளியாத்தாள் மூடியைத் திறந்தாள். அரிசி பாதி வெந்து, மேலே வெள்ளையாக நுரை கட்டியிருந்தது. இரண்டு சீரகம் மிதந்தது. எண்ணெய்ப் பளபளப்பு வேறு. நெய்யைக் கொட்டி மாப்பிள்ளையை மயக்கப் பார்க்கிறாள், கள்ளி. இந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் சோறு எப்படி வேகும்? நறுக்கரிசிதான் மிஞ்சும். அவளுக்குச் சிரிப்பு வந்தது. துணியைப் பிடித்து உள்பாத்திரத்தைத் தூக்கி, தட்டால் அணைத்து, பக்கெட்டில் ஒட்ட வடித்தாள். காதில்லாத பாத்திரம். வலது கட்டைவிரல் சுரீரென்று சுட்டது. சுடட்டும் என்று பாத்திரத்தைத் திரும்ப வைத்து மூடினாள். பக்கெட்டைக் கொண்டுபோய்ப் பச்சைத்தண்ணீர் விட்டு ஆற்றிக் கழனித்தொட்டியில் ஊற்றினாள். நெய்க்கஞ்சி செவலைக்கும் ஒருநாள் கிடைக்கட்டுமே. செவலை தலையைத் தூக்காமல் உறிஞ்சியது. தொட்டியின் அடியை நாக்கால் துழாவியது.

திரும்பி வந்தபோது சமையல்கட்டில் மூடி திறக்கும் சத்தம். என்னவோ ஊற்றும் சத்தம், மறுபடி டக்கென்று ஸ்விட்ச். ஊற்று, ஊற்று, இனி எதை ஊற்றினாலும் தேறாது என்று காளியாத்தாள் மகளிடம் ஊர்க்கதை பேச உட்கார்ந்தாள்.

இலை போட்டார்கள். சோறு விழுந்தது. பருக்கை பருக்கையாக, ஒன்றோடொன்று ஒட்டாமல், பானையில் வடித்தது தோற்கும்படி விழுந்தது. பாதியில் வடித்ததில் பசையெல்லாம் போய்விட்டது. அவள் கையாலேயே போய்விட்டது. மாப்பிள்ளை குழம்பு ஊற்றுவதற்கு முன்பே ஒரு வாய் அள்ளினார். இன்னொரு வாய் அள்ளினார். வெறுஞ்சோறே இப்படியா என்று இலையை நகர்த்தி மறுசோறு கேட்டார்.

இதை இப்படியே விட்டால் அவள் காளியாத்தாள் இல்லை.

"நெய்யக் கொட்டுனா எதுதான் ருசிக்காது? விருந்துக்குச் செரி. தெனமும் ஆகுற காரியமா சாமி இது?" என்றாள் மகனிடம்.

தீனதயாளன் பெண்டாட்டியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், பிறகு இலையைப் பார்த்தான். அந்த ஆள் எப்போதும் அப்படித்தான். தீர்ப்பு ஆட்டம் காண்பது காளியாத்தாளுக்குத் தெரிந்துவிட்டது. அதற்குள் மாப்பிள்ளை குறுக்கே புகுந்து, அப்படி என்ன போட்டாய் என்று சுகன்யாவைக் கேட்டார்.

"நெய்யி ஒரு கரண்டிதானுங்க" என்றாள் சுகன்யா. "அரிசிய ஊறவெச்சு, தண்ணிக்குப் பதிலா கோழி எலும்பு வேகவெச்ச சாறு ஊத்துனேன். பாதி வேக்காட்டுல பாத்தா அத்தனை சாறும் காணோமுங்க. மிச்சம் இருந்ததக் கொஞ்சம் ஊத்தித் திரும்ப வெச்சேன்."

சொல்லும்போது அவள் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. காளியாத்தாளின் கட்டைவிரலைப் பார்த்தாள். அது நன்றாகக் கொப்புளித்திருந்தது.

காளியாத்தாள் விரலை முந்தானைக்குள் மறைத்தாள். கோழிச்சாறு. செவலைக்கு. முறத்தைக்கூட அண்ட விடாதவள், தன் கையால், ஆற்றி ஊற்றியிருக்கிறாள். தண்ணீர் எடுத்து வருவதாக முனகிவிட்டுக் கட்டுத்தரைக்கு ஓடினாள். புளியும் சாம்பலும் போட்டுத் தொட்டியைத் தேய்த்தாள். மஞ்சளைக் கரைத்துச் செவலையின் வாயில் புகட்டினாள், அதுவோ முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பின்னால் சுகன்யா வந்து நின்றாள்.

"வெரலு நல்லாச் சுட்டுருச்சுங்களா அத்தை?"

"வாய மூடு புள்ள."

"மூடித்தானுங்க இருக்குது. அறிவுச்செல்வி நங்கைகிட்டச் சொல்லல, உங்க மகன்கிட்டயும் சொல்லல. நாளைக்குக் காலையில நான் பஸ் ஏறோணும். குக்கர் அது இருக்கற எடத்துலயே இருக்கோணும். இல்லீன்னா செவலைக்கு நீங்க என்ன ஊத்துனீங்கன்னு ஊருக்கே சொல்லுவேன்."

குரலில் துளி கோபம் இல்லை. அதுதான் காளியாத்தாளுக்கு ஆறவில்லை. நாக்கு நுனிவரை வந்த வசவை விழுங்கிக்கொண்டு, போய்த் தொலை என்று கையைக் காட்டினாள். உள்ளே போய், அவள் வேலைக்குப் போகட்டும் சாமி என்று மகனிடம் தானே சொன்னாள். தீனதயாளன் வாயைப் பிளந்தான்.

திங்கட்கிழமை சுகன்யா குக்கரில் மதியச் சோற்றுக்கு அரிசியை ஊறப்போட்டுவிட்டு, பையை மாட்டிக்கொண்டு, போய்ட்டு வாரேனுங்க என்று சொல்லிக் கிளம்பினாள். காளியாத்தாள் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தாள். தெருமுனையில் பஸ் உறுமும் சத்தம் கேட்டதும் எழுந்து பானையை அடுப்பில் வைத்தாள். அவளுக்குப் பசியில்லை. செவலைக்காகவே ஒரு பிடி அரிசி போட்டாள். சுத்தமான கஞ்சி, வெறும் அரிசியும் தண்ணீரும். நேற்றைய பாவமெல்லாம் கழுவிப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டு வடித்தாள், ஆற்றினாள், தொட்டியில் ஊற்றினாள்.

செவலை தொட்டிக்குள் மூக்கை விட்டது. மோந்து பார்த்தது. தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தது. மறுபடி மோந்தது. பிறகு கொம்பால் தொட்டியை ஒரு தள்ளு தள்ளிவிட்டு, சமையல்கட்டுப் பக்கம் திரும்பி நீளமாகக் கத்தியது.

"சனியனே" என்றாள் காளியாத்தாள். அவள் குக்கரையும் சொல்லவில்லை, மருமகளையும் சொல்லவில்லை.