தடங்கல் பத்தே காலுக்கு

நெட்டையக்கா உட்கார்ந்தால் சோப்பு ஆலையின் மூன்று பெல்ட்டுகளும் நின்றுவிடும்; எழுந்தால் ஓடும். இது தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு. பொட்டலப் பிரிவில் நாற்பது பெண்கள் எட்டு மணி நேரமும் நின்றபடியே சோப்புக்குத் தாள் சுற்றுவார்கள். பேருக்கு ஒரு முக்காலிகூடக் கிடையாது. உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்பது மேலாளரின் கண்டுபிடிப்பு; அதை அவர் மெத்தை வைத்த நாற்காலியில் உட்கார்ந்து கண்டுபிடித்தார். அன்று நெட்டையக்காவின் நாத்தனாருக்கு ஏழாம் மாதம். கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது. பார்க்கச் சகிக்காமல் நெட்டையக்கா ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்து அவளை உட்காரவைத்தாள். திட்டு விழுந்தால் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஆலையில் தடங்கல் பதிவேடு என்று ஒன்று உண்டு. பெல்ட் நின்றால் நேரத்தையும் காரணத்தையும் அதில் எழுத வேண்டும். மின்வெட்டு, அறுந்த வார், பல்சக்கரத்தில் எலி என்று பதினோரு வருடம் ஒழுங்காக எழுதி வந்த மேஸ்திரி, அன்று கோபத்தில் பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுதிவிட்டார்: தடங்கல். காரணம், நெட்டை. பேனாவைத் தாளிலிருந்து எடுப்பதற்குள் மூன்று பெல்ட்டும் நின்றன.

"என்னம்மா பண்ணித் தொலைச்ச?" என்றார்.

"உக்காந்தேன். எழுதுனது நீங்க."

எழுந்து பார்த்தாள், ஓடியது. உட்கார்ந்தாள், நின்றது. மேஸ்திரி அந்த வரியை அடித்தார். எழுதிய மை, அடித்த கோட்டைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தது. தாளைக் கிழித்தார், அடுத்த தாளில் அதே கையெழுத்தில் இருந்தது. மேலாளர் அவளை வேலையை விட்டு நீக்கி, தடங்கல் நீக்கப்பட்டது என்று பதிவேட்டில் மேஸ்திரியைக் கொட்டை எழுத்தில் எழுதவைத்தார். நெட்டையக்கா வீட்டுக்குப் போய் ஆற அமர உட்கார்ந்தாள். ஆலை ஒன்பது நாள் ஓடவில்லை. படுத்தால் ஓடுமா என்று கேட்காதீர்கள், படுத்தாலும் ஓடவில்லை.

பத்தாம் நாள் மேலாளரே வந்தார். வீட்டில் இருந்தது ஒரே நாற்காலி, அதில் அவள் இருந்தாள். அவர் முக்கால் மணி நேரம் நின்று பேசினார். காலை மாற்றி மாற்றி ஊன்றினார்.

"நின்னா கால் வலிக்குதும்மா."

"தெரியும் சார்."

நாத்தனாரை மட்டும் உட்காரவிடுகிறேன், நீ எழுந்து வா என்றார். நெட்டையக்கா எழப் போனாள். பிள்ளை வயிற்றில் இருக்கிறது, இதற்கு மேல் என்ன வீம்பு என்று தோன்றிவிட்டது. அப்போது அறைக்குள் இருந்து நாத்தனாரின் குரல் வந்தது: "எனக்கு மட்டும் வேணாம் அண்ணி. நாப்பது பேருக்கும் கால்தான இருக்கு."

"கேட்டுச்சா சார்? நாப்பது முக்காலி. காலையில ஒரு தடவ, மத்தியானம் ஒரு தடவ எல்லாரும் உக்காருவோம். இல்லன்னா நான் இப்படியே இருக்கேன். எனக்கென்ன அவசரம்?"

அதிலிருந்து மூன்றாம் நாள் முக்காலிகள் வந்தன. பத்தே காலுக்கு ஆறு நிமிடம், மூன்று மணிக்கு ஆறு நிமிடம் பெல்ட்டுகள் நின்றன. நெட்டையக்கா ஓய்வு பெற்ற பிறகும் அந்த நேரத்தில் அவை தாமாகவே நிற்கின்றன. எண்ணெய் போடும் ஆள்கூட அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. புதிதாகச் சேருகிறவர்கள் முதலில் கேட்பதே தடங்கல் எத்தனை மணிக்கு என்றுதான்.

அந்த வயிற்றுப் பிள்ளை வளர்ந்து பள்ளிக்குப் போனாள். தேர்வில் தடங்கல் என்ற சொல்லை வாக்கியத்தில் அமைத்து எழுதச் சொன்னார்கள். எங்கள் அம்மாவுக்குத் தினமும் இரண்டு தடங்கல் கிடைக்கும், அத்தை வாங்கிக் கொடுத்தது என்று எழுதினாள். ஆசிரியை தப்புப் போடச் சிவப்புப் பேனாவைத் திறந்தார். காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தவர், வாக்கியத்தை இன்னொரு தடவை படித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முழு மதிப்பெண் போட்டார். சுவர்க் கடிகாரம் ஆறு நிமிடம் நின்றது. அதைப் பழுது பார்க்க யாரும் ஆள் அனுப்பவில்லை.