ஐயனாரைத் தூக்க வந்தவர்கள்

“முப்பது போதும்ணே” என்று ஜெயகாந்தன் சொல்லி முடிப்பதற்குள், நிலைப்படியில் நின்ற நாகவல்லி, “நூறு எறக்குங்கண்ணே” என்றாள்.

பந்தல்காரர் நாற்காலி வண்டியின் பின்பலகையில் கை வைத்தபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். எழவு வீட்டில் புருசன் பெண்டாட்டி பேச்சுக்கு நடுவில் மூக்கை நுழைக்கக் கூடாது என்பது அவர் தொழிலில் படித்த பாடம். கூடுதலான கணக்கு எதுவோ அதையே இறக்க ஆரம்பித்தார்.

“யாரு வல்லி வந்து உக்காரப் போறா?”

“வருவாக.”

“எங்கப்பாவுக்கா?”

குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே சந்தேகம் கேட்டான். அவள் உள்ளே போனாள். கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் மாமனார் ஐயனார் படுத்திருந்தார். அறுபத்தெட்டு வயதில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டிருந்தார். அதுவும் தாடையைச் சுற்றித் துணி கட்டியதால்தான்.

விடிகாலையில் மூச்சு நின்றபோது நாகவல்லிக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, நிம்மதி. நுரையீரல் கெட்டுப்போய், கோடை தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு மூச்சையும் ஆழக் கிணற்றில் வாளி இறைப்பதுபோல் இழுத்துக்கொண்டிருந்த மனிதர். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளும் தன்னையறியாமல் கூடவே இழுத்துக்கொண்டிருந்தாள். அது நின்றதும் அவள் தோள்கள் இரண்டும் தானாக இறங்கின. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றுதான் அவளுக்குப் பட்டது. இனி அவரை நல்லபடியாகத் தூக்கி அனுப்பிவிட்டால் போதும். ஆனால் தூக்க ஆள் வேண்டுமே.

ஐயனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் கிழித்தது சம்பளத்துக்கு, பிழைத்தது கால்பந்தாட்டத்துக்கு. காரைக்குடிச் சுற்றுவட்டாரத்தில் பந்து உருண்ட இடத்தில் எல்லாம் அவர் குரலும் உருண்டிருக்கிறது. அங்கெல்லாம் அணிக்கு ஏழு பேர்தான். சொந்த ஊரான பள்ளத்தூர் அணியைப் பற்றிக் கேட்டால், “ஏழு பேரு ஏழு ஊருக்கு பஸ் ஏற நிக்கிற மாதிரி நிக்கிறாங்கெ” என்பார். சாக்கோட்டை அணிக்கு முரட்டுக் கால், மூளை முட்டிக்குக் கீழே. குன்றக்குடிப் பையன்கள் நன்றாகத்தான் ஆடுவார்கள், ஆனால் கோல் வாங்கியதும் முருகன் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிடுவார்கள். பள்ளத்தூர் மைதானம் மேற்கே சரிந்து கிடப்பது ஊருக்கே தெரியும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று யாராவது ஆரம்பித்தால், “இங்க ஆடவும் தெரியாது, கூடமும் கோணல்” என்று முடித்துவைப்பார்.

அப்படித் திட்டிய மைதானத்தை வேறு யாரும் திட்ட விடமாட்டார். ஒரு தடவை சென்னைக்குப் போய்ப் பெரிய ஸ்டேடியத்தில் காசு கொடுத்து ஆட்டம் பார்த்துவிட்டு வந்தார். “நமக்கும் பந்துக்கும் நடுவுல ஓடுறதுக்குன்னு ஒரு ரோடு போட்டு வச்சிருக்கான். ஆட்டம் என்னமோ அடுத்த ஊருல நடக்குற மாதிரி இருக்கு. நம்ம சவுக்குக் கட்டை கேலரியில உக்காந்தா ஆடுறவன் வேர்வை நம்ம மேல தெறிக்கும், அது ஆட்டம்” என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். டிவியில் பார்க்கும்போது சத்தத்தை அணைத்துவிடுவார். வர்ணனை செய்கிறவனுக்கு ஒரு மண்ணும் தெரியாதாம். அந்த வேலையை இவரே பார்ப்பார்.

இந்த வாயால் உறவில் பாதியும் ஊரில் முக்காலும் போயிற்று. மிச்சம் இருந்ததை ஒரு விசில் கொண்டுபோயிற்று.

போன வருசத்துக்கு முந்தின வருசம், பொங்கல் போட்டியின் இறுதி ஆட்டம், பள்ளத்தூருக்கும் சாக்கோட்டைக்கும். முடிகிற நேரத்தில் சாக்கோட்டைப் பையன் ஒருவன் பந்தைக் கையால் தட்டி இறக்கியதை ஐயனார் பார்த்தார். நடுவர் பார்க்கவில்லை. முப்பது வருசப் பழக்கம், கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. வேலையை விட்டாலும் விடாமல் வைத்திருந்த கண்டக்டர் விசிலை எடுத்து ஊதிவிட்டார். விசில் சத்தம் கேட்டதும் பள்ளத்தூர்க்காரர்கள் அப்படியே நின்றார்கள். கோல்கீப்பர் பாண்டிமுருகன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். சாக்கோட்டைப் பையன் நிற்கவில்லை, பந்தை உள்ளே தள்ளிவிட்டான். நடுவர் கோல் கொடுத்தார். வெளியாள் விசில் அடித்தால் ஆட்டத்தை நிறுத்திப் பந்தை நடுவர் கையால் போட வேண்டும் என்பது சட்டம் என்று ஐயனார் தொண்டை கிழியக் கத்தினார். விசில் அடித்தவனே சட்டம் பேசினால் யார் கேட்பார்கள்?

கோப்பை சாக்கோட்டைக்குப் போயிற்று. ஐயனார் இனி மைதானத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று கமிட்டி சொல்லிவிட்டது. மறு வாரம் போனவரைக் கேட்டிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். கேலி பேசியவர்கள் முன்னால் தலை குனிந்த ஜெயகாந்தன் அதன் பிறகு அப்பாவிடம் பந்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. “கை பட்டுச்சுடா, நான் பாத்தேன்டா” என்று அவர் சொல்லும்போதெல்லாம் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான்.

அதிலிருந்து ஐயனாருக்கு நாகவல்லியின் செல்போன்தான் மைதானம். அவள்தான் டிவியில் இணைத்துக் கொடுப்பாள், பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்வாள். ஆய்ந்தபடியே ஆஃப்சைடு என்றால் என்னவென்று அவளுக்கும் விளங்கிவிட்டது. போன மாதம், காலி நாற்காலிகளுக்கு நடுவில் யாரோ ஆடிய ஆட்டம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஐயனார் இழுத்து இழுத்துச் சொன்னார்.

“ஆள் இல்லாத கிரவுண்டுல ஜெயிச்சா என்ன, தோத்தா என்ன தாயி. நாளைக்கு எனக்கும் இப்படித்தான். சொந்தத்துல ஒரு இருபது தலை வரும். பேசாம வேன் சொல்லி ஏத்தி விட்ருங்க.”

“சும்மா இருங்க மாமா. ஏன் இப்படிப் பேசுறீக?”

“கூட்டத்த எண்ணுறதுல நான் தப்பினதே இல்ல தாயி.”

இப்போது பத்து மணி ஆகியும் அவர் எண்ணிக்கை தப்பவில்லை. ஐயனாரின் தங்கை மாரீஸ்வரி, பங்காளி அழகுசுந்தரம், அவரோடு வேலை பார்த்த டிரைவர்கள் சிலர், தெருவில் நாலு வீடு. பந்தலுக்குள் பின்வரிசைகள் முழுக்க வெறுமையாக இருந்தன. நாகவல்லியின் பிறந்த வீட்டார் வந்து இறங்கும்போது அந்த நாற்காலிகளைத்தான் முதலில் பார்த்தார்கள். முப்பதே சொல்லியிருக்கலாமோ என்று அவளுக்கே தோன்றிவிட்டது.

காலையிலேயே பாண்டிமுருகன் நம்பருக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். ‘மாமா தவறிட்டாக. சாயங்காலம் எடுக்கிறோம்.’ இரண்டு நீலக் குறி விழுந்திருந்தது, பதில் இல்லை.

“வல்லி, அமரர் ஊர்திக்குச் சொல்லிர்றேன்” என்றான் ஜெயகாந்தன். “சுடுகாடு வரைக்கும் தூக்க மாத்தாள் வேணும். அழகுசுந்தரம் சித்தப்பாவுக்கு முட்டி வலி. டிரைவருக எல்லாம் வயசானவுக. எண்ணிப் பாரு.”

“மத்தியானம் வரைக்கும் பொறுங்க.”

“பொறுத்தா ஆள் முளைக்குமா?”

“உங்க தாத்தாவ தோள்லதான கொண்டுபோனீக? அத்தையத் தோள்லதான கொண்டுபோனீக? இவுகள மட்டும் கதவச் சாத்தி, கிரவுண்டு ஓரமா வேன்ல கடத்திட்டுப் போகணுமா?”

அவள் குரல் உடைந்தது. அன்று முழுக்க அவள் அழுதது அந்த ஒரு நேரம்தான். ஜெயகாந்தன் செல்போனை மறுபடி பையில் போட்டுக்கொண்டான்.

வெயில் உச்சிக்கு வருகிற நேரத்தில் தெருமுனையில் ஒரு வேன் வந்து நின்றது. பத்துப் பதினைந்து இளவட்டங்கள் இறங்கினார்கள். எல்லாரும் ஒரே பச்சை நிறப் பனியன். முன்னால் வந்தவன் கையில் ரோஜா மாலை. பெட்டியின் மேல் மாலையை வைத்துக் கும்பிட்டுவிட்டு, யாரிடம் பேசுவது என்று தெரியாமல் நாகவல்லியிடம் வந்தான்.

“அக்கா, எம் பேரு ஆகாஷ். சாக்கோட்டை டீம். பஸ்ஸுல சொன்னாக, அதான் வந்தோம். எத்தன மணிக்கு எடுக்குறீக? நாங்க தோள் குடுக்கலாமா?”

“நீங்களா?” என்றாள் அவள்.

“எங்க டீமு இதுவர வாங்கினது ஒரே கப்புக்கா. அது அவரு வாங்கிக் குடுத்ததுதான? வராம இருந்தா நல்லாவா இருக்கும்?”

பின்னால் நின்றவன் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டான். முன்வரிசையில் இருந்த அழகுசுந்தரம் எழுந்து முட்டியைப் பிடித்தபடி வந்தார்.

“ஏன்ப்பா, அந்தக் கோல் போட்டவன் யாரு, நீதான? ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லு. அன்னைக்கிக் கையில பட்டுச்சா?”

ஆகாஷ் பெட்டியைப் பார்த்தான். ஜெயகாந்தன் அங்கேதான் நின்றிருந்தான்.

“பட்டுச்சு தாத்தா” என்றான் ஆகாஷ். “நல்லாவே பட்டுச்சு.”

ஜெயகாந்தன் பெட்டியின் கண்ணாடியில் படிந்திருந்த நீரைத் துண்டால் துடைத்தான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது என்பது நல்லதற்கும் பொருந்தும். சாக்கோட்டைக்காரர்கள் வந்து ஐயனாரைத் தூக்கப்போகிறார்கள் என்ற சேதி டீக்கடைக்குப் போய், அங்கிருந்து மைதானத்துக்குப் போக அதிக நேரம் பிடிக்கவில்லை. முதலில் பாண்டிமுருகன் பைக்கில் வந்தான். அவன் பின்னாலேயே அணி முழுதும் வந்தது. அதற்கும் பின்னால் கமிட்டிப் பெரியவர்கள், தோளில் துண்டு போட்டுக்கொண்டு வந்தார்கள். வெறுமையாகக் கிடந்த வரிசைகள் எப்போது நிறைந்தன என்று நாகவல்லிக்குத் தெரியவில்லை. பந்தல்காரர் மட்டும் ஒரு தடவை அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

“எங்க ஊரு ஆளத் தூக்க எங்களுக்குத் தெரியும்” என்றான் பாண்டிமுருகன். “நீங்க மாலை போட்டீகள்ல, அது போதும்.”

“உங்க ஊரு ஆளா?” என்றான் ஆகாஷ். “கேட்டுல மறிச்சுத் திருப்பி விட்டப்ப எந்த ஊரு ஆளாம்?”

கமிட்டிப் பெரியவர் ஒருவர் பந்தல் கூரையை ஆராய ஆரம்பித்தார்.

“எழவு வீட்டுல என்னப்பா இது” என்று அழகுசுந்தரம் குறுக்கே வந்தார். “வழக்கப்படி பாதி வழியில பாடைய எறக்கித் திருப்பித்தான தூக்கணும்? அது எப்பவும் கிரவுண்டு கேட்டுலதான். அதுவரைக்கும் சாக்கோட்டை தூக்கட்டும். அங்க எறக்கித் திருப்பினதும் பள்ளத்தூர் தூக்கட்டும். முன்பாதி அவுக, பின்பாதி நீங்க. சரிதான?”

இரண்டு பக்கமும் முனகிக்கொண்டே தலையாட்டினார்கள். அப்போது நாகவல்லி கேட்டாள்.

“கேட்டுக்கு வெளியிலயா, உள்ளயா?”

மாரீஸ்வரி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் அசையவில்லை. பாண்டிமுருகனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் தரையைப் பார்த்தான்.

“சாவி எங்கிட்டதான்க்கா இருக்கு” என்றான்.

சாயங்காலம் பாடையைத் தூக்கினார்கள். கொட்டுச் சத்தத்துக்கு மேல் சாக்கோட்டைப் பையன்களின் சத்தம் கேட்டது. இடது பக்கம் உயரம் குறைகிறது, ஆளை மாற்று, பின்னால் வருகிறவன் ஏன் அவசரப்படுகிறான் என்று ஒருவருக்கொருவர் கத்திக்கொண்டே போனார்கள். ஐயனார் எழுந்து உட்கார்ந்து ஒரு வார்த்தை சொல்லாததுதான் குறை. நாகவல்லிக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்தது, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள்.

பெண்கள் தெருமுனை வரைதான். அங்கிருந்து பார்த்தால் சாலை நேராக மைதானத்துக்குப் போவது தெரியும். கூட்டம் கண்ணுக்கு மறைந்த பிறகு திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய், வீடு கழுவிக் குளிக்க வேண்டும். மாரீஸ்வரி அவசரப்பட்டாள்.

“வாங்கத்தா, போவோம். தண்ணி நின்னுறப் போகுது.”

“செத்தப் பொறுங்க சின்னம்மா. இன்னும் மறையல.”

கேட் முழுதாகத் திறந்து கிடந்தது. பாடை உள்ளே போயிற்று. ஆடுகளக் கோட்டுக்குப் பக்கத்தில் இறக்கினார்கள், தலைமாடு கால்மாடு மாற்றித் திருப்பி வைத்தார்கள். பள்ளத்தூர்ப் பையன்கள் வரிசையாகக் குனிந்தார்கள், ஆனால் தூக்கவில்லை. ஆகாஷ் என்னவோ சொல்ல, பாண்டிமுருகன் நிமிர்ந்து கோல் கம்பத்தைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தான். அவன் பின்னால் பாதிக் கூட்டம் போயிற்று. ஆகாஷ் ஓர் இடத்தில் நின்று வலது கையை மேலே தூக்கிக் காட்டினான். பாண்டிமுருகன் இல்லை என்று தலையை ஆட்டி, அவனை இரண்டடி தள்ளி நிறுத்தினான். கொட்டுக்காரர்களும் அடிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். எல்லாருக்கும் நடுவில், உறியில் தொங்கும் கொள்ளிச்சட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை நீட்டி நீட்டி ஜெயகாந்தன் எதையோ விளக்கிக்கொண்டிருந்தான்.

“தூக்கிட்டாகளாத்தா?” என்று மாரீஸ்வரி பின்னாலிருந்து கேட்டாள். அவளுக்குக் கண் அவ்வளவு தூரம் எட்டாது.

“இல்ல சின்னம்மா. இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்காக.”

நாகவல்லி வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு நின்றாள்.