நான்சிக்குத் தனியா வரும்

மருத்துவப் பரிசோதனைக்குக் கனடாவிலிருந்து கடிதம் வந்த அன்று இருதயசாமி இரண்டு தறிகளையும் நிறுத்திவிட்டு பஜாருக்குப் போய் மக்கன்பேடா வாங்கி வந்தார். பட்டறை நிற்பது என்றால் அந்த வீட்டில் யாராவது சாகணும், இல்லையென்றால் ரோசம்மாள் கூப்பிடணும். சத்தம் ஓய்ந்ததும் எதிர்வீட்டு விருத்தாம்பாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து என்ன விசேஷம் என்று கேட்டாள். அவளுக்கும் ஒரு பேடா போயிற்று.

கடிதம் தபாலில் வரவில்லை. குடிவரவு அலுவலகத்தின் இணையதளத்தில் அவர்களுக்கென்று ஒரு கணக்கு உண்டு. அதன் கடவுச்சொல் மூத்தவள் ஜெசிக்கு மட்டும்தான் தெரியும். அம்மா ரோசம்மாள் அங்கே முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போய் ஐந்தாவது வருஷம் நடக்கிறது. அவளுக்கு நிரந்தரமாகத் தங்க அனுமதி கிடைத்ததும் புருஷனையும் பிள்ளைகளையும் கூப்பிட மனுப் போட்டாள். ஒரு நாளைக்கு இரண்டு ஷிப்டு பார்க்கிறவளுக்கு உட்கார்ந்து நிரப்ப நேரமில்லை. இருதயசாமிக்கு ஆங்கிலம் என்றால் சேலைப் பெட்டியில் அச்சடித்த விலாசம் வரைக்கும்தான். ஆகவே மனுதாரர் என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தாலும், மனு முழுக்க பன்னிரண்டாவது படிக்கும் ஜெசியின் கைவேலை.

“இன்னா போட்டுகிறாங்க, படி பாப்பா.”

ஜெசி படித்தாள். அப்பாவின் பெயர் இருந்தது. அவள் பெயர் இருந்தது. அதற்குக் கீழே எதுவும் இல்லை.

வாயில் பேடாவோடு நான்சி அவள் தோள்மேல் மோவாயை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். “என் பேரு எங்கக்கா?”

“உனக்குத் தனியா வரும்.”

சொன்ன வேகம் ஜெசிக்கே பயமாக இருந்தது. யோசிக்கக்கூட இல்லை. பொய் நாக்கின் நுனியில் தயாராகக் காத்திருந்திருக்கிறது.

நான்சி ரோசம்மாளின் தங்கை கமலத்தின் மகள். கமலமும் அவள் புருஷன் சார்லியும் கண்ணமங்கலம் சாலையில் லாரி மோதி ஒரே நாளில் போனபோது நான்சி தவழ்கிற குழந்தை. அடக்கம் முடிந்து திரும்பியபோது ரோசம்மாள் இடுப்பில் ஜெசியும் தோளில் நான்சியுமாக வீட்டுக்கு வந்தாள். ரேஷன் கார்டில் நான்சியை மகள் என்று சேர்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் அப்பா பெயர் கேட்டபோது இருதயசாமி தன் பெயரைச் சொன்னார். இதில் மறைக்க ஒன்றுமில்லை. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் நான்சியே தன் பெற்றோர் குழிமேல் பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, “அப்பா, எனக்குப் பசிக்குது” என்று இருதயசாமியின் கையைப் பிடித்து இழுப்பாள். அக்கா பெண்ணும் தங்கை பெண்ணும் கூடப்பிறந்தவர்கள்தான் என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. தத்து எடுக்க வேண்டும், அதற்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சொந்தப் பெண்ணை யாராவது தத்து எடுப்பார்களா?

மனுவில் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டிருந்தது. ஜெசி அப்பாவைக் கேட்டாள். ஓடுகிற தறியிலிருந்து திரும்பாமலே அவர் இரண்டு விரலைக் காட்டினார்.

கோளாறு அங்கே ஆரம்பித்தது. சில மாதம் கழித்து அலுவலகத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. நான்சியின் பிறப்புச் சான்றிதழில் வேறு பெற்றோர் இருக்கிறார்கள், அவள் உங்களுக்கு எப்படி மகள், தத்து எடுத்த ஆணை இருந்தால் அனுப்புங்கள், பதில் சொல்ல ஒரு மாதம் அவகாசம். ஜெசி அதை மூன்று முறை படித்தாள். அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல், இதே மாதிரி மனுப் போட்டவர்கள் பேசிக்கொள்ளும் ஓர் இணையப் பக்கத்துக்குப் போனாள். பொய்த் தகவல் கொடுத்தால் குடும்பம் முழுவதையும் பல வருஷத்துக்கு உள்ளே விட மாட்டார்கள், கூப்பிட்டவர்களுக்கும் சிக்கல் வரும் என்று ஒருவன் எழுதியிருந்தான். இன்னொருவன் அதற்குக் கீழே, தன் மாமா கதை என்று இன்னும் மோசமாக எழுதியிருந்தான். அம்மாவையே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று ஜெசி பயந்தாள்.

அன்று ராத்திரி, கேள்விகள் அனுப்புவதற்கென்று அந்தத் தளத்தில் இருந்த கட்டத்தைத் திறந்தாள். மனு எண், அப்பாவின் பெயர், பிறந்த தேதி எல்லாம் போட்டு, நான்கு வரி எழுதினாள். நான்சியின் பெயரை எடுத்துவிடச் சொன்னாள். அனுப்பிய மறுநொடி, உங்கள் கேள்வி கிடைத்தது என்று ஓர் இயந்திரப் பதில் வந்தது. பக்கத்துப் பாயில் நான்சி வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள்.

பயத்தில் செய்தது என்றுதான் ஜெசி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது முக்கால்வாசி நிஜம். வீடியோவில் வந்ததும் அம்மா முதலில் கேட்பது, “என் சின்னது எங்க?” ஐந்து வருஷமாக அப்படித்தான், நான்சிக்குப் பிறகுதான் ஜெசி. அங்கே போய் இறங்கினால் கொஞ்ச நாளாவது அந்தக் கேள்வி இருக்காது என்ற நினைப்பு, அனுப்பும் பொத்தானை அமுக்கும்போது விரலுக்கடியில் இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள்.

பேடா தீர்ந்த பிறகும் நான்சி தினம் சாயங்காலம் வந்து நின்றாள். “வந்துச்சாக்கா?”

“இல்ல.”

“போன வாரமும் இதான் சொன்னே. நீ பாக்கறியா இல்ல சும்மா தடவிகினு கிறியா?”

வேலூருக்குப் போன ஒரு சிநேகிதியிடம் சொல்லி உல்லன் தொப்பி ஒன்று வாங்கி வைத்திருந்தாள். ஆரணி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு தறிக்குப் பக்கத்தில் நடமாடுவாள். வேர்த்து வழியும். இருதயசாமி சிரித்துக்கொண்டே, பைத்தியம் புடிச்சவள வண்டியில ஏத்தமாட்டாங்கடி என்பார். மருத்துவப் பரிசோதனைக்குச் சென்னை போக வேண்டும். மூன்று பேரும் ஒன்றாகப் போனால் ஒரே வண்டி போதும், நான்சியுடையதும் வரட்டும் என்று அவர் நாளைத் தள்ளிக்கொண்டே போனார். கடிதத்தில் கெடு போட்டிருந்தது. ஜெசி மறுபடியும் அந்தக் கட்டத்தைத் திறந்து, தயவுசெய்து அந்தப் பெயரைத் திரும்பச் சேருங்கள் என்று எழுதினாள். கிடைத்தது என்று பதில். மறுநாள் வேறு வார்த்தைகளில் எழுதினாள். கிடைத்தது என்று பதில். கிணற்றில் கல் போட்டால் சத்தமாவது வேறு வேறு மாதிரி கேட்கும்.

கெடு நெருங்கிய ஒரு ராத்திரி. தீபாவளிச் சரக்கு அவசரம், தறி ஓடிக்கொண்டிருந்தது. நான்சி பாயில் எழுந்து உட்கார்ந்து, அம்மாவிடமே நேராகக் கேட்டுவிடலாம், இப்போது அங்கே பகல்தானே என்று போனை எடுத்தாள். ஜெசி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“கூப்டாத.”

“ஏன்?”

“உனக்கு வராது நான்சி. நான்தான் உன் பேர எடுக்கச் சொல்லி எழுதனேன்.”

சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. பிறப்புச் சான்றிதழ், கேள்வி, இணையத்தில் படித்தது, அம்மாவைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம், எல்லாவற்றையும் இருட்டில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கொட்டினாள். எல்லாம் முடிந்த பிறகு நான்சி, அப்பாவுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றாள் ஜெசி.

“அப்ப நீ போய்ச் சொல்லு. நான் சொல்ல மாட்டேன்.”

“காலையில சொல்றேன்.”

“காலையில வேற எதனா சொல்லுவே.”

ஜெசி பட்டறைக்குப் போனாள். இரண்டு முறை கூப்பிட்டும் அப்பாவுக்குக் கேட்கவில்லை. சுவரில் இருந்த சுவிட்சை அவளே அணைத்தாள். ஓடுகிற தறியை இன்னொருவர் நிறுத்துவது அந்த வீட்டில் நடக்காத காரியம். இருதயசாமி கோபத்தோடு திரும்பியவர், அவள் முகத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, ஜெசி விஷயத்தைச் சொன்னாள். அவருக்குப் பாதிதான் புரிந்தது. ரோசம்மாளைக் கூப்பிடச் சொன்னார்.

ரோசம்மாள் சாப்பாட்டு நேரத்தில் இருந்தாள். திரையில் நீலச் சட்டையும் வேலையிட அட்டையும் தெரிந்தன. முழுவதையும் கேட்டாள். திட்டவில்லை. “இன்னா எழுதன, ஒரு வார்த்த மாத்தாம படி,” என்றாள்.

அனுப்பியதன் நகல் கணக்கில் இருந்தது. ஜெசி ஆங்கிலத்தில் மளமளவென்று வாசித்துவிட்டாள். ரோசம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“எனக்குப் புரியற மாதிரி சொல்லு,” என்றார் இருதயசாமி.

ஆங்கிலத்தில் அது சின்ன வாக்கியம். பள்ளிக்கூடப் பரீட்சையில் எழுதுகிற மாதிரி எழுதியிருந்தாள். இப்போது அதைத் தமிழில், நிலைப்படியில் நான்சி நிற்கும்போது சொல்ல வேண்டியிருந்தது. அவர் காத்திருந்தார்.

“நான்சி எங்க பொண்ணு இல்ல. என் சம்சாரத்தோட தங்கச்சி பொண்ணு. தெரியாம பேரச் சேத்துட்டோம். அவ எங்ககூட வரமாட்டா.”

“எங்க பொண்ணு இல்லன்னு யாரு சொன்னது?”

“மனு உங்க பேர்லதானப்பா கீது. நீங்க சொல்ற மாதிரிதான் எழுத முடியும்.”

“நான் சொன்ன மாதிரி எழுதுனியா?” இருதயசாமி தறியின் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். “அவ இன்னும் சரியா நிக்கக்கூட மாட்டா அப்ப. இந்தத் தறி சத்தத்துல என் மடியிலதான் தூங்குவா. நானா சொன்னேன்?”

போனில் ரோசம்மாளின் பின்னால் யாரோ தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

“பயந்துகினுதான செஞ்சே,” என்றாள் ரோசம்மாள். அது கேள்வியா, மகளுக்கு நீட்டிய கையா, தெரியவில்லை. பிடித்துக்கொண்டு ஆமாம் என்றிருந்தால் போதும்.

“பயம் மட்டும் இல்லம்மா,” என்றாள் ஜெசி.

ரோசம்மாள் திரையில் அவள் முகத்தைப் பார்த்தாள். வேறென்ன என்று கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று ஜெசிக்கும் தெரிந்தது.

பிறகு பேச்செல்லாம் காரியமாக நடந்தது. தாய் தகப்பன் இல்லாத தங்கை பிள்ளையைத் தனியாகக் கூப்பிட வழி இருப்பதாக முதியோர் இல்லத்தில் ஒரு கேரளாப் பெண் சொல்லியிருக்கிறாளாம். கேள்வி வந்த அன்றே சொல்லியிருந்தால் அப்போதே அதற்கு ஏற்பாடு செய்திருக்கலாம் என்றாள் ரோசம்மாள். இனி முதலில் மகள் என்றது ஏன், பிறகு இல்லை என்றது ஏன் என்று இரண்டுக்கும் விளக்கம் எழுத வேண்டும். வக்கீலைப் பார்த்து அதை அவளே எழுதுவாள். கடவுச்சொல்லை அவளிடம் கொடுத்துவிட வேண்டும். எத்தனை நாளாகும், நடக்குமா நடக்காதா என்பது யாருக்கும் தெரியாது. இருதயசாமி ஒன்று சொன்னார். கெடுவுக்குள் அவரும் ஜெசியும் சென்னை போய்ப் பரிசோதனையை முடிப்பார்கள். விசா வந்தால் ஜெசியைக் கூட்டிக்கொண்டு போய் ரோசம்மாளிடம் விட்டுவிட்டு, அடுத்த விமானத்தில் அவர் திரும்பி வந்துவிடுவார்.

“நான்சி கேஸு முடியறவரைக்கும் நான் இங்கதான்,” என்றார்.

தான் போகவில்லை, அப்பா இங்கே இருந்தால் தானும் இருக்கிறேன் என்று ஜெசி அழுதாள். உன்னால் இன்னொரு தடவை மனுவை மாற்ற வேண்டாம் என்றாள் ரோசம்மாள். குரலில் கோபம் இல்லை. பின்னால் யாரோ அவளை வேலைக்குக் கூப்பிட்டார்கள் போல; சின்னதைப் பார்க்கணும், போனைக் கொடு என்றாள். ஜெசி போனை நான்சியிடம் நீட்டினாள். நான்சி வாங்கி, நான் நல்லாத்தான் இருக்கேன், நீங்க சாப்பிடுங்க என்று சொல்லிவிட்டு வைத்தாள். அம்மா என்று கூப்பிட்டாளா இல்லையா என்று ஜெசி யோசித்துப் பார்த்தாள். கூப்பிடவில்லை.

இருதயசாமி சுவிட்சைப் போடப் போனார். ஓட்டத்தில் நின்றதால் தறியில் சில இழைகள் அறுந்து தொங்கின. அவர் குனிந்து ஒவ்வொன்றாகத் தேடி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டார். நான்சி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவருக்குக் கண் தெரியவில்லை என்பது அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

“பெரியப்பா, உங்க கைக்கு அந்தாண்ட ஒண்ணு அறுந்துகீது பாருங்க.”

அவர் திரும்பவில்லை. காதில் விழாமல் இருக்க அப்போது தறி ஓடவில்லை. தன்னைக் கூப்பிடுகிறாள் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. அந்த வீட்டில் அப்படி ஓர் ஆள் இதுவரை இருந்ததில்லை.

ஜெசி, கூப்பிடாதே என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நான்சி, கொஞ்சம் சத்தமாக, மறுபடியும் அப்படியே கூப்பிட்டாள்.