பூஜ்யம் வந்த கூட்டல்

படுக்கையறை அலமாரியை நகர்த்தியபோதுதான் நிஷா அந்த விரிசலைப் பார்த்தாள். மூலைத் தூணில் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு ஓடியிருந்தது. ஓரமெல்லாம் துரு கசிந்து பழுப்பாகக் கறை படிந்திருந்தது. அது முடியும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தாள். அடுத்த வாரம் பார்த்தபோது விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தது.

அவள் கணவன் கிஷோர் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தான். ஒரு மழை பெய்ததும் பெயின்ட்டும் சேர்ந்து பிளந்தது.

"அலமாரிய பழைய இடத்துலயே தள்ளிடு. புதன்கிழமை வீடு பாக்க வர்றாங்க" என்றான்.

அவனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்திருந்தது. ஐயப்பன்தாங்கலில் இருந்த இந்த வீட்டை விற்றுவிட்டு இருவரும் போவதாக ஏற்பாடு.

"வர்றவங்களுக்கு ஒரு குழந்தை இருக்கு கிஷோர். இந்த ரூம்லதான் படுக்க வைப்பாங்க."

"இன்ஜினியரக் கூப்பிட்டா நம்ம வீட்டுக்கு மட்டும்தான் பேர் கெடும். மத்தவங்க யாராவது வாயத் திறக்கறாங்களா பாரு."

அவன் சொன்னதும் பொய்யில்லை. அந்தத் தூண் நான்கு வீடுகளுக்குப் பொது. முதல் மாடியில் ஷர்மிளா, பூந்தமல்லியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். இரண்டாவது மாடி நிஷா. அவளுக்கு மேலே ஜேம்ஸ், குமணன்சாவடியில் பைக் மெக்கானிக் கடை வைத்திருந்தார். நான்காவது மாடியில் தசரதன். ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். கீழே கார் நிறுத்தும் இடத்தில் அந்தத் தூணைப் பளிங்குக்கல் ஒட்டி மூடியிருந்தார்கள். அதைப் பெயர்த்துப் பார்க்க நான்கு பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.

மாடிப்படியில் ஷர்மிளாவிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். "எங்க வீட்ல ஒண்ணும் இல்லையே" என்று கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது. மறுநாள் ஜேம்ஸ் அவளிடமே கேட்டார்.

"இன்னாம்மா, உங்க ஊட்ல செவுரு கிவுரு எதுனா பிராப்ளம் கீதா?"

"இல்லையேண்ணா" என்றாள். சொன்ன பிறகுதான், ஷர்மிளாவைவிட வேகமாகச் சொல்லிவிட்டோம் என்பது உறைத்தது.

அன்று முதல் அவளுக்கு நிம்மதி போயிற்று. தண்ணீர் லாரி வாசலில் திரும்பும்போதெல்லாம் தூண் அதிர்கிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். குளியலறைக் கதவு திடீரெனச் சட்டத்தில் இடித்தது. மழையில் மரம் உப்பியிருக்கும் என்றான் கிஷோர். அவள் நம்ப முயன்றாள்.

அம்பத்தூரில் அவள் வேலை பார்த்த நிறுவனத்தில் அவளுடைய குழுவுக்கு ஒரே வேலைதான். பல மருத்துவமனைகள் தங்கள் நோயாளிகளின் விவரத்தை ஒன்றுக்கொன்று காட்டாமலே, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு விடை மட்டும் காண வழி செய்வது. ஒருநாள் கணினியில் அந்தக் கணக்கை ஓட்டிக்கொண்டிருந்தபோது, இதையே நான்கு வீட்டுக்கும் செய்யலாமே என்று தோன்றியது. கூடவே ஒரு பயமும் வந்தது. இந்தக் கணக்கு ரகசியத்தைக் காப்பாற்றும். ஆனால் அதில் கலந்துகொள்கிறவர்கள் விதிப்படி நடக்க வேண்டும். விதியை மீறுவதால் ஒருவருக்கு லாபம் என்றால், கணக்கால் அவரைத் தடுக்க முடியாது. அதனால் உண்மை சொல்கிறவருக்கு நஷ்டம் வராதபடி ஏதாவது செய்தாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை மற்ற மூவரையும் கீழே கூட்டினாள். கிஷோர் முறைத்துக்கொண்டே வந்து அவள் பின்னால் நின்றான்.

"நான் மனசுல ஒரு நம்பர் வெச்சுக்குவேன். அது எனக்கு மட்டும்தான் தெரியும்" என்று ஆரம்பித்தாள். "எங்க தூண்ல விரிசல் இருந்தா அதோட ஒண்ணு கூட்டி ஷர்மிளாக்கா காதுல சொல்வேன். இல்லன்னா அப்படியே சொல்வேன். அவங்களும் அதே மாதிரி செஞ்சு ஜேம்ஸ் அண்ணாகிட்ட சொல்லணும். அவர் தசரதன் சார்கிட்ட. சார் கடைசியா என்கிட்ட சொல்லணும். என் நம்பரக் கழிச்சா எத்தன வீட்ல விரிசல்னு தெரிஞ்சிடும். எந்த வீடுன்னு தெரியாது."

"நமக்கு வந்த நம்பர வெச்சு இன்னாத்த கண்டுபுடிக்கிறது? ஒண்ணும் புரியாது" என்று ஜேம்ஸ் தலையாட்டினார். "சரிதான்."

"ரெண்டோ அதுக்கு மேலயோ வந்தா நாலு பேரும் கையெழுத்துப் போட்டு இன்ஜினியரக் கூப்பிடுவோம். அதுக்குக் கீழ வந்தா யாரும் யாரையும் கேக்கக் கூடாது. அதனால உண்மையச் சொல்லி யாரும் தனியா மாட்டிக்க மாட்டோம்."

தசரதன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "இதெல்லாம் சின்னப் பசங்க விளையாட்டு மாதிரி இருக்கேம்மா" என்றார். மூன்று பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். "சரி, செயலாளர் நானே மாட்டேன்னா நல்லாருக்காது. நடத்துங்க."

நிஷா மனதில் 618 என்று வைத்துக்கொண்டாள். ஷர்மிளாவின் காதருகே குனிந்து 619 என்றாள். ஷர்மிளா ஒரு கணம் கண்ணை மூடித் திறந்து, ஜேம்ஸ் பக்கம் போனாள். ஜேம்ஸ் கேட்டுவிட்டு மோவாயைச் சொறிந்தபடி தசரதனிடம் சொன்னார். தசரதன் பளிங்கு ஒட்டிய தூணை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நிஷாவிடம் வந்து, தணிந்த குரலில் சொன்னார்.

"அறுநூத்திப் பதினெட்டு."

கழித்தால் பூஜ்யம். அவளே ஒன்று கூட்டியிருக்கிறாள், பூஜ்யம் எப்படி வரும்? யாரோ கூட்டவில்லை என்பதல்ல, யாரோ கழித்திருக்கிறார்கள். அது யார் என்று கணக்கு சொல்லாது.

"எவ்ளோம்மா?" என்றார் ஜேம்ஸ்.

"பூஜ்யம்" என்றாள் நிஷா. வந்த விடை அதுதான்.

"பாத்தீங்களா, வீணா பயந்தோம்" என்று தசரதன் திரும்பினார். கிஷோர் அவள் முழங்கையைப் பிடித்து, "முடிஞ்சுது, வா" என்று கிசுகிசுத்தான்.

நிஷா நகரவில்லை. ஷர்மிளாவின் முகம் வெளிறியிருந்தது. ஜேம்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார். பூஜ்யம் தப்பு என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறதோ? ஆனால் தப்பு என்று சொல்ல வேண்டுமென்றால், தன் வீட்டில் இருக்கிறது என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. இப்படியே நால்வரும் மாடியேறிப் போனால், இனி ஒருநாளும் இதைப் பற்றி யாரும் பேசப்போவதில்லை. புதன்கிழமை வரப்போகும் குழந்தைக்கு என்ன வயது என்றுகூட அவள் கேட்டதில்லை.

"சார், நில்லுங்க" என்றாள். "இந்தப் பூஜ்யம் தப்பு. நான் ஒண்ணு கூட்டினேன். எங்க தூண்ல விரிசல் இருக்கு."

"நிஷா!" என்றான் கிஷோர்.

வெளியே டிப்போவுக்குத் திரும்பும் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"நானும் கூட்டினேன்" என்றாள் ஷர்மிளா. "ஆறு மாசமா பீரோவ வெச்சு மறைச்சிருக்கேன். என் பொண்ண ஹால்லதான் படுக்க வெக்கிறேன்."

ஜேம்ஸ் பெருமூச்சு விட்டார். "நானுந்தாம்மா. விரல் போவுது அந்தச் சந்துல."

மூவரும் கூட்டியிருந்தால் மூன்று வந்திருக்க வேண்டும். எல்லோரும் தசரதனைப் பார்த்தார்கள். அவர் கார் ஒன்றின் மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"மேல எங்க வீட்லயே விழுந்த விரிசல் உங்களுக்கு விழாமயா இருக்கும்? மூணு பேரும் கூட்டுவீங்கன்னு தெரியும். அதான் மூணக் கழிச்சேன்."

"சார், இடிஞ்சு விழுந்திருந்தா?" ஷர்மிளா கத்திவிட்டாள். "நாங்க கீழ இருக்கோமே சார்!"

"பார்வதத்த எங்கம்மா தூக்கிட்டுப் போவேன்?" அவருடைய மனைவி பார்வதம் பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்தார். "காலி பண்ணச் சொல்லுவாங்கன்னு தெரியும். ரெண்டு மூணு எடத்துல வீடு கேட்டேன். படுத்த படுக்கைன்னதும் வேணாங்கறாங்க. அவ இருக்கற வரைக்குமாவது தூண் நிக்கட்டும்னு..."

ஷர்மிளா கோபம் குறையாத முகத்தோடு போனை எடுத்துத் தள்ளிப் போய்ப் பேசினாள். திரும்பி வந்து, "சென்னீர்குப்பத்துல, எங்க ஆஸ்பத்திரியில வேலை பாக்கற ஒரு அக்கா வீட்ல தரைத்தளம் காலியா இருக்கு. நான் பேசிக்கிறேன். நீங்க கையெழுத்துப் போடுங்க" என்றாள்.

அவர் போட்டார்.

செவ்வாய்க்கிழமை இன்ஜினியர் வந்து பளிங்கைப் பெயர்த்தார். உள்ளே கம்பிகளைத் துரு தின்றிருந்தது. அவர் விரலால் தொட்டபோது ஏடு ஏடாக உதிர்ந்தது. அவர் சத்தமாகக்கூடப் பேசவில்லை. "நாலு வீடும் இன்னைக்கே இறங்கிடுங்க. முட்டு கொடுத்துட்டுத்தான் மத்ததெல்லாம்" என்றார்.

கிஷோர் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவளோடு பேசவில்லை. அன்று அவன் இன்ஜினியருக்குப் பின்னால் நின்று அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஓரமாகப் போய் யாருக்கோ போன் செய்தான்.

"வீடு பாக்க வர்றவங்கள வர வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்றான் அவளிடம். "கோபம் போயிடுச்சுன்னு நினைக்காத. எல்லார் முன்னாடியும் சொல்லப்போறேன்னு என்கிட்டயாவது முன்னாடியே சொல்லியிருக்கலாம் நீ."

"சொல்லியிருந்தா விட்டிருப்பியா?"

அவன் மாடியேறினான். அவனும் ஜேம்ஸும்தான் பார்வதத்தை நாற்காலியில் உட்கார வைத்துக் கீழே இறக்கினார்கள். "மெதுவா மாமே, திருப்பத்துல இடிக்கும்" என்று ஜேம்ஸ் ஒவ்வொரு திருப்பத்திலும் சொல்லிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு படிக்கும் நிஷா மேலே தூணைப் பார்த்தாள்.

தூணைப் பலப்படுத்தும் வேலை மாதக்கணக்கில் நடந்தது. கிஷோர் பெங்களூருக்குத் தனியாகப் போனான். சனிக்கிழமைகளில் வந்தான். பேச்சு முதலில் அளவாக இருந்தது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இளகியது.

ஒருநாள் மாலை நிஷா சென்னீர்குப்பம் வீட்டுக்குப் போயிருந்தாள். தசரதன் டீ போட்டுக் கொண்டுவந்தார்.

"ஒண்ணு கேக்கணும்மா. பூஜ்யம்னு வந்ததும் நீ பாட்டுக்குப் போயிருக்கலாம். உன் வீடும் வித்திருக்கும். எதுக்குப் பேசின?"

"பயமா இருந்துச்சு சார்" என்றாள் நிஷா. "அதுக்கு மேல எனக்கே தெரியல."

உள்ளிருந்து பார்வதம் குழறலாக ஏதோ கூப்பிட்டார். "வெளிய யாருன்னு கேக்கறா" என்று தசரதன் எழுந்தார். "வா, உள்ள வந்து ஒரு வார்த்த பேசிட்டுப் போ."