அடித்தொண்டை

...கையை வைப்பதென்றால் மெதுவாக வைக்கக் கூடாதா, இப்படியா உச்சந்தலையைப் பிடித்து அமுக்குவது, பாஸ்டர் வேதமுத்துவின் உள்ளங்கை சுடுகிறது, இல்லை, தன் தலைதான் சுடுகிறதோ என்னவோ, விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட உள்ளே இறங்கவில்லை, உபவாசம்னா உபவாசந்தான் என்று மாமியார் பிச்சையம்மாள் சொல்லிவிட்டாள், ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் வரும்போதே கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது... பரிபூரணம் கண்ணை மூடியே வைத்திருந்தாள். திறந்தால் அதற்கும் ஓர் அர்த்தம் சொல்வார்கள், அசையாமல் இருப்பது ஒன்றுதான் வழி. முட்டிக்குக் கீழே ஜமுக்காளம், அதற்குக் கீழே சிமெண்டுத் தரை, சுற்றிலும் பெண்கள், வெள்ளிக்கிழமை மத்தியான ஜெபத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரின் இந்த மாடி அறைக்கு வாராவாரம் வருகிறவர்கள், ஆளுக்கொரு ஜெபத்தை முணுமுணுக்க எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சலாகக் கிடக்கிறது, நல்ல சுருதி, இதன் அடியில் கிட்டாரின் தடித்த கம்பியை மட்டும் விட்டு விட்டு அடித்தால் எப்படி இருக்கும்... சீ, இப்போதுமா இந்த நினைப்பு, இதற்காகத்தானே முழங்காலில் நிறுத்தியிருக்கிறார்கள். "வெளியே வா" என்றார் பாஸ்டர். தன்னைத்தான் சொல்கிறார் என்று எழுந்திருக்கப் பார்த்தாள். அவளை இல்லை. அவளுக்குள் இருப்பதை.

உள்ளே இருக்கிறதா? நிஜமாகவே இருந்துவிட்டால்? ஞாயிற்றுக்கிழமை பள்ளியில் படித்த நாளிலிருந்து, ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து, ஆண்டவரைத் தவிர ஒருவரையும் உள்ளே விட்டதாக அவளுக்கு நினைவில்லை, ஆனால் அப்படித்தானே எல்லாரும் சொல்வார்கள், வந்தது தெரிந்தால் யார்தான் விடுவார்கள்... கதவோரம் அவர் நிற்கிறார், ஐயாதுரை, அவள் புருஷன், மில்லில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் காக்கிச் சட்டையோடு வந்தவர், அவளை விட்டு முன்னால் படியேறிவிட்டார், அம்மா கூப்பிட்டாள் என்று வந்தாரா, இல்லை, அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டதா? ஏழு வருஷம் கூட வாழ்ந்தவர். அவருக்கே பயம் என்றால் நான் எங்கே போவேன். மைக் செட் ரிப்பேர் பார்க்க அவளுடைய ஊர்க் கோயிலுக்கு வந்த எலக்ட்ரீசியன்தானே அவர், பாடகர் குழுவில் உச்சத்தில் ஒரு குரல் தனியாகக் கேட்கிறதே, அது யாரு என்று விசாரித்துப் பெண் கேட்டு வந்தார், எண்பத்தாறில். அப்போது அவளுக்குக் கண்ணாடிக் குரல். தொட்டால் உடைந்துவிடும் என்பார்கள்.

கல்யாணமான புதிதில் அவருடைய சித்தப்பா மகன் தூத்துக்குடியில் கப்பலிலிருந்து இறங்கி ஒரு கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போனான், வெள்ளைக்காரர்கள், தலையெல்லாம் முடி, தொண்டை கிழிய ஏசுவைப் பாடுகிறார்களாம், மெட்டல் என்று பேராம். கேட்டதும் சிரித்துவிட்டாள். "என்னங்க இது, தறி ஓடுத மாதிரி இருக்கு." அவர் சிரிக்கவில்லை, காதை டேப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "தறிக்குள்ள ஒரு பாட்டு இருக்கு பூரணம், செத்த நேரம் கேளு" என்றார். மில்லுக்குள் நாள் முழுக்க நிற்கிறவருக்கு அது கேட்டது. பிறகு அவளுக்கும் கேட்டது. மதுரையில் பழைய கிட்டார் ஒன்று வாங்கினார், சோப்பு டப்பாவுக்குள் எதையோ பற்றவைத்துக் கோர்த்தார், தட்டினால் கம்பி கரகரவென்று உறுமிற்று, இவள் மடியில் காஸியோ கீபோர்டு, அதில் தப்படிக்கிற அடியை விரலால் தேடித் தேடிப் பிடித்தாள், ஆர்மோனியத்தை ஒயரில் கோர்த்து விட்டால் யானைபோலப் பிளிறியது, தாலாட்டை எடுத்து ஆமை வேகத்தில் இழுத்தார்கள், கீர்த்தனையை எடுத்துக் குதிரை வேகத்தில் விட்டார்கள், இரண்டு பேர்தான், இரண்டு பேரே போதும், எக்காளம் என்று பேர் வைத்துக்கொண்டார்கள். மார்கழி விடியலில் அம்மன் கோயில் ஒலிபெருக்கியில் வருகிற நாயனத்தைக்கூட அவர் விடவில்லை, அந்த இழுப்பை அப்படியே கிட்டாரில் கொண்டுவந்தார். "அங்கன இருந்து எடுக்கலாமாங்க, தப்பில்லையா?" "காத்துல வந்ததுதான, யாரு வீட்டுக் கதவத் தட்டி வாங்குனோம்." என்ன சந்தோஷமாக இருந்தார்கள். அக்கம்பக்கத்துத் தெலுங்குக்காரர்கள்கூடச் சன்னலில் வந்து நின்று கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போவார்கள், கோபமில்லை, வேடிக்கைதான். கோயிலிலும் ஒன்றும் சொல்லவில்லை, வாலிபர் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள், அவள் குரல் அப்போதும் மேலேதான் இருந்தது, கிட்டார் கீழே உறுமும், அவள் மேலே பறப்பாள்...

"பெலத்து ஜெபியுங்கள்" என்கிறார் பாஸ்டர். இரைச்சல் ஏறுகிறது. யாரோ கைதட்டுகிறார்கள், தப்பான தாளம். பிச்சையம்மாளின் அழுகை தனியாகக் கேட்கிறது, அவள் மேல் தப்பில்லை, ஊரெல்லாம் பேசுகிற பேச்சை அவள்தானே தண்ணீர்க் குழாயடியில் நின்று கேட்கிறாள், உம் மருமவளுக்கு ஆம்பளப் பேய் புடிச்சிருக்காமே என்று. எல்லாம் மம்சாபுரம் அறுப்பின் பண்டிகையிலிருந்து. அன்று அந்தப் பாட்டைப் பாடியிருக்கக் கூடாது. பூசணியும் வாழைத்தாரும் நெற்கதிரும் கட்டித் தொங்கவிட்ட பந்தலில் நன்றிப் பாட்டு பாடச் சொன்னால், இவர்கள் போய் அதையா பாடுவது? ஆனால் அவர்தான் கம்பியைத் தொட்டார். தொட்ட முதல் தொடலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது எந்தப் பாட்டென்று, வயிற்றுக்குள் அது புரண்டு எழுந்துவிட்டது, வாயைத் திறந்தாள், பந்தலில் முதல் வரிசையில் இருந்த பெண் ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், ஒருத்தி மயங்கிச் சாய்ந்தாள், "கரண்ட அமத்துலே, கரண்ட அமத்து" என்று யாரோ கத்தினார்கள், அமர்த்தினார்கள், கிட்டார் நின்றது, மைக் நின்றது. அவள் நிற்கவில்லை. அதுதான் அவர்களைப் பயமுறுத்தியது. கரண்ட் இல்லாமலும் அந்தச் சத்தம் அந்தப் பந்தல் முழுக்க வந்தது, பொம்பளை தொண்டையில் இது எப்படி வரும்? அவளுக்கே தெரியாது. எப்படி வருகிறது?

எப்போது வந்தது என்றால் தெரியும். தொண்ணூற்றொன்றில், பிள்ளைக்கு அப்புறம். பெண் பிள்ளை. எல்லாம் இருந்தது, நகம்கூட இருந்தது, மூச்சுதான் இல்லை. நர்ஸ் பேர் கேட்டாள், வைக்கவில்லை என்றாள் இவள், பரவாயில்லை என்று நர்ஸ் போய்விட்டாள். பரவாயில்லை. அவர் துண்டில் சுற்றி வாங்கிக்கொண்டு போனார், கல்லறைத் தோட்டத்து ஓரத்தில் ஒரு வேப்பங்கன்றுக்குப் பக்கத்தில் என்று மட்டும் வந்து சொன்னார், கால் கழுவினார், சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டார், பிறகு உட்கார்ந்து ஒயரைப் பற்றவைக்கத் தொடங்கிவிட்டார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அத்தைகூட, "ஏலே, அழுதுருலே, உள்ள வச்சிக்கிடாத" என்றாள். அவர் ஈயப் புகையை ஊதிக்கொண்டே, "கண்ணு எரியுது, தள்ளு" என்றார். கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம் கிட்டாரை எடுத்தவர், "இந்த வார்த்தையப் பாடு" என்றார். ஏன் மூடினீர், ஆண்டவரே, ஏன் மூடினீர். அவ்வளவுதான், திரும்பத் திரும்ப அதுதான். அவள் கண்ணாடிக் குரலில் பாடிப் பார்த்தாள், உட்காரவில்லை, அழகாக இருந்தது, அழகாக இருந்ததுதான் பொறுக்கவில்லை. "கீழ வா" என்றார். இறங்கினாள். "இன்னும் கீழ." இறங்க இறங்கத் தொண்டையில் படி முடிந்துபோய், அதற்கும் கீழே ஓர் இடம் இருந்தது, அங்கிருந்து வந்தது, மனுஷச் சத்தம் மாதிரியே இல்லை. அவர் சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். முடிகிற வரைக்கும் சுவரைப் பார்த்தே வாசித்தார். அந்தப் பாட்டை எங்கே வாசித்தாலும் அப்படித்தான், முதுகைக் காட்டிக்கொண்டு, ஆம்ப்ளிஃபயரில் ஏதோ சரிபார்க்கிறவர் மாதிரி. வேதத்தில் எத்தனை பேர் ஆண்டவரைப் பார்த்து ஏன் என்று கேட்டிருக்கிறார்கள், நான் கேட்டால் மட்டும் பிசாசா?

"உன் பேரைச் சொல்!" பாஸ்டரின் விரல்கள் முடிக்குள் இறங்கின. இரைச்சல் சட்டென்று அடங்கிவிட்டது. எல்லாரும் காது கொடுக்கிறார்கள். "பரிபூரணம்" என்றாள். "அது இவளுடைய பேர். உன் பேரைச் சொல்." என்ன பேர் சொல்வது? எதையாவது ஒன்றைச் சொல்லிவிட்டால், புளியமரத்தில் தொங்கினவன் எவன் பேரையாவது சொல்லி உருண்டுவிட்டால், போய்விட்டது என்று எல்லாரும் கைதட்டுவார்கள், அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு சோறு ஆக்குவாள், கேட்டபடி கிட்டாரையும் ஒப்படைத்துவிட்டால், பண்டிகைக்கு அப்புறம் விலக்கிவைத்த திருவிருந்தில் மறுபடியும் சேர்த்துக்கொள்வார்கள், அவ்வளவு சுலபம்... ஆனால் அதற்குப் பேர் இல்லையே, நாங்கள் வைக்கவில்லையே. நினைத்த மாத்திரத்தில் வெறும் வயிற்றுக்குள் அது அசைந்தது. ஐயோ, வேண்டாம், இங்கே வேண்டாம். வாயைத் திறந்தால் வந்துவிடும், இத்தனை பேர் நடுவில் வந்துவிட்டால் முடிந்தது, ஆயுசுக்கும் பேய் பிடித்தவள்தான், அவரையும் என்னையும் எந்தக் கோயிலும் சேர்க்காது. பல்லைக் கடித்தாள். "பேரைச் சொல்!" மூக்கு வழியாக ஒரு உறுமல் கசிந்தது, கசிந்தேவிட்டது, யாரோ "ஏசுவே" என்று அலறிப் பின்னால் நகர்ந்தார்கள்.

"ஐயாதுரை."

அவள் சொல்லவில்லை. பக்கத்தில் ஜமுக்காளம் அழுந்தியது. கண்ணைத் திறந்துவிட்டாள். அவர் முழங்காலில் இருந்தார், மில் பஞ்சு இன்னும் காதோரம் ஒட்டியிருந்தது.

"ஏலே, நீ எதுக்குலே இங்கன வார, எந்திரி" என்றாள் பிச்சையம்மாள்.

"சும்மா இரும்மா. ஐயா, பேரு கேட்டீகள்ல. ஐயாதுரை. சொந்த ஊரு தளவாய்புரம். அது எம் பாட்டு, இவ வாய்தான். வார்த்தையும் நான், மெட்டும் நான். கை வைக்கணும்னா எந் தலையில வைங்க."

பாஸ்டரின் கை அவள் தலையை விட்டு எழுந்தது. அவர் என்ன செய்வார் பாவம், அவருக்கும் இது புதிது, பேயை விரட்ட வந்த இடத்தில் ஓர் ஆண்பிள்ளை தன்னை விரட்டச் சொன்னால்? சற்று நேரம் அந்தக் கை அந்தரத்தில் நின்றது. பிறகு ஐயாதுரை தலையில் இறங்கியது, அமுக்கவில்லை. இப்போது அதட்டலும் இல்லை, காய்ச்சல்காரனுக்கு ஜெபிக்கிற மாதிரி தணிந்த குரலில் ஏதோ சொன்னார், ஐயாதுரையின் தோள் ஒரு முறை குலுங்கியது, ஒரே ஒரு முறை, அப்புறம் நின்றுவிட்டது. பெண்களில் பாதிப் பேர் ஆமென் சொன்னார்கள். "போய்ச் சாப்பிடுங்கள்" என்றார் பாஸ்டர். வாசல்வரை வந்து, "தம்பி, அந்தப் பாட்டை மட்டும் இனி ஆலயத்துக்குள்ளே கொண்டுவராதீங்க. அன்னிக்குப் பந்தல்ல கேட்டதிலிருந்து எனக்கே ராத்திரி தூக்கம் வரலை" என்றார். ஐயாதுரை செருப்பை மாட்டிக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கிளப்புக் கடையில் இட்லி சாப்பிட்டார்கள், மூன்று பேரும். பிச்சையம்மாள்தான் மகனுடைய இலையில் தன் இட்லியில் ஒன்றை எடுத்து வைத்தாள், மருமகளுடைய இலையிலும் ஒன்று வைத்தாள். பஸ்ஸில் அத்தைக்கு முன்னால் இடம் கிடைத்தது. இவர்கள் பின்னால். வெயிலில் மலை வெளுத்துக் கிடந்தது, வயல், செங்கல் சூளை, மறுபடி வயல். எனக்காக முன்னால் வந்து நின்றாரே, என் மானத்தைக் காப்பாற்றினாரே, நெஞ்சு நிறையத்தான் செய்தது, அவர் கைமேல் கை வைத்துக்கொண்டாள், ஆனால் அந்த வார்த்தை... எம் பாட்டு, இவ வாய்தான். காப்பாற்றுவதற்காகச் சொன்னது என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். காப்பாற்றுவதற்காகச் சொன்ன மாதிரி அவர் குரல் இல்லை. நிஜத்தைச் சொல்கிறவன் குரல் அது. அப்படியென்றால் இரண்டு வருஷமாக ஊர் ஊராக நின்று தொண்டை கிழியக் கத்தினேனே, அது யாருடைய அழுகை? அவர் அழ முடியாததை எல்லாம் நான் அழுதுகொண்டிருந்தேனா? கீழ வா, இன்னும் கீழ என்று கூப்பிட்டாரே, என்னுடைய இடத்துக்கா கூப்பிட்டார், அவருடைய இடத்துக்கா? சுவரைப் பார்த்துத் திரும்பி நின்ற அந்த முதுகுக்கு அந்தப் பக்கம் முகம் எப்படி இருந்திருக்கும், ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லையே. அவருடையது அது என்றால், அப்போது என்னுடையது? நான் இன்னும் அழவே இல்லையா?

பஸ் இரைச்சலுக்குள் மெதுவாக வாயைத் திறந்து பார்த்தாள். வார்த்தை இல்லாமல், அவர் கொடுத்த எதுவும் இல்லாமல். பழைய கண்ணாடிக் குரல் வரவில்லை. அந்த உறுமலும் வரவில்லை. நடுவில் எங்கிருந்தோ, கொஞ்சம் கமறலாக, சின்னதாக ஒன்று வந்தது, அவளுக்கே அடையாளம் தெரியவில்லை, இரண்டு சுரம் போய்விட்டு அடுத்தது எங்கே என்று தெரியாமல் நின்றது.

"என்னட்டி?" என்றார் ஐயாதுரை, அவள் பக்கம் திரும்பி.

"ஒண்ணுமில்லங்க" என்றாள். "நீங்க அங்கிட்டுப் பாருங்க."