அச்சில் வராத வரி

கல் அரைக்கும் ஆலையின் அலுவலகத்தில் அவள் இருபத்திரண்டு ஆண்டுகள் தட்டச்சராக இருந்தாள். அவளுடைய தம்பி அதே ஆலையின் அரவைக் கூடத்தில் வேலை பார்த்தான். இப்போது அவனால் நாலு படி ஏற முடியாது. நுரையீரல் முழுக்கக் கல்தூசி என்று மருத்துவர் கைவிரித்துவிட்டார். அவனைப் போல இன்னும் முப்பது பேர்.

தூசியால் கேடு வரும் என்று தெரிந்தே நிர்வாகம் மறைத்தது என்பது தொழிலாளர்களின் வழக்கு. விசாரணை அதிகாரி பழைய கடிதங்களைக் கேட்டார். காகிதங்களைக் கரையான் அரித்துவிட்டதாம். கணினிக் கோப்புகளை மட்டும் இரண்டு பென்டிரைவில் போட்டு, ஒன்றை அதிகாரியிடமும் மற்றதைத் தொழிலாளர்களிடமும் கொடுத்தார் ஆலை வக்கீல். எல்லாம் அந்தக் காலத்து மென்பொருளில் அடித்தவை, இன்றைக்கு எந்தக் கணினியிலும் திறக்காது என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

தம்பிக்காக விசாரணைக்குப் போயிருந்த அவளுக்கு அந்தச் சிரிப்புதான் பொறுக்கவில்லை. "நான் அடிச்ச லெட்டரை என்கிட்டயே திறக்காதுங்கிறான்" என்று, தொழிலாளர்களின் பென்டிரைவை வாங்கிக்கொண்டு வீடு வந்து சேரும்வரை பொருமிக்கொண்டே இருந்தாள்.

மருமகளுக்குக் கணினி அத்துப்படி. புதிய கணினிக்குள் பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் என்றொரு புரோகிராம் இருக்கிறது என்றாள். ஞாயிறு காலை சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து அதை ஏற்றினாள். பழைய மென்பொருளையும் எப்படியோ தேடிப் பிடித்துவிட்டாள். கறுப்புத் திரை வந்தது. மவுஸ் அசையவில்லை. மருமகள் திருதிருவென்று விழித்தாள். "கொஞ்சம் நகரும்மா" என்று மாமியார் உட்கார்ந்தாள். எந்த விசையோடு எந்த விசை என்பது விரல்களுக்கு இன்னும் மறக்கவில்லை.

எட்டெழுத்துக்கு மேல் கோப்புக்குப் பெயர் வைக்க முடியாத காலம் அது. தூசி என்பதை ஆங்கில எழுத்தில் எழுதி எண் போட்டிருந்தாள். நான்காவது கோப்பில் ஆலைப் பொறியாளரின் கடிதம். தூசியை உறிஞ்சும் விசிறிகள் உடனே வேண்டும், இல்லாவிட்டால் ஆட்களின் நுரையீரல் கெடும் என்றிருந்தது. அதற்கு மேலே, இரண்டு புள்ளிகளோடு தொடங்கும் ஒரு வரி. அப்படித் தொடங்கும் வரி திரையில் தெரியும், அச்சில் வராது. ஒவ்வொரு கடிதத்துக்குமான குறிப்பை அவள் அப்படித்தான் அடித்து வைப்பாள்.

'மேலாளர் சொன்னது: அனுப்ப வேண்டாம். யாரிடமும் பேசக் கூடாது.'

தேதியைப் பார்த்தாள். தம்பி வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம். வக்கீல் மேலிருந்த கோபம் மேலாளர் மேல் பாய்ந்து, கடைசியில் அவள் மேலேயே வந்து விழுந்தது.

விசாரணையில் வக்கீல் அசரவில்லை. அந்தம்மா போன வாரம் வீட்டில் அடித்திருக்கலாம் என்றார். அதிகாரி தன்னிடமிருந்த பென்டிரைவை எடுத்து மேசையில் வைத்தார். அவருடைய கணினியில் மருமகள் அதே புரோகிராமை ஏற்ற, அவள் நின்றபடியே கோப்பைத் திறந்தாள். அதே வரி.

"ஆமா, நான்தான் அடிச்சேன்," என்றாள் வக்கீலைப் பார்த்து. "உங்க ஆபீஸ்ல உக்காந்து, உங்க மேனேஜர் சொல்லச் சொல்ல அடிச்சேன்."

முப்பத்தொரு பேருக்கும் ஆயுள் முழுக்க ஆலையே மருத்துவம் பார்க்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. மேலாளர் மேல் தனி வழக்கு. எல்லோரும் அவளைப் பாராட்டினார்கள். அவளுக்கு எரிச்சலாக வந்தது.

தம்பியிடம் அவளே போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் மூச்சு வாங்கக் கேட்டான்: "அடிக்கும்போது படிக்க மாட்டியாக்கா?"

"படிக்கலடா. எழுத்துப்பிழை இருக்கான்னு மட்டும்தான் பார்த்தேன்."

அவன் கட்டிலில் சற்று நகர்ந்து அவளுக்கு இடம் விட்டான்.